கைக்குழந்தை ரேட்

15.6.81, திங்கள்

விடாத மழை. சுதாவுக்கு டீச்சர் வீட்டில் முதல் நாள்.

கொண்டுபோனவை: மாற்று உடுப்பு நாலு, பழைய வேட்டித் துணி ஆறு, டம்ளர், கரண்டி, துண்டு, பால் புட்டி. புட்டியை மட்டும் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய அறைப் பிள்ளைகளுக்குப் புட்டி கிடையாதாம்.

மே மாதம் வரை நாத்தனார் கூட இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகிப் போய்விட்டாள். போன பிறகுதான் அவள் செய்த வேலைக்கு என்ன விலை என்று தெரிகிறது. இங்கே கொச்சி மட்டாஞ்சேரியில் விசாரித்தவரை பிள்ளை பார்க்க இருப்பது ஏலியாம்மா டீச்சர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் முன்பக்கம் இரண்டு அறை. சின்ன அறை கைக்குழந்தைகளுக்கு, மாதம் 120. பெரிய அறை இரண்டரை வயது முடிந்தவர்களுக்கு, 70. என் சம்பளம் 360.

120 என்று கேட்டதும் சம்பளத்தில் கழித்துப் பார்த்தேன். படிவம் கொடுத்தார். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. சுதா பிறந்தது நவம்பர் 79. நான் எழுதியது நவம்பர் 78. பேனா கொஞ்சமும் தயங்கவில்லை. ஆபீசில் டைப் அடிக்கும்போது ஓர் எழுத்து தப்பினால் நாலு கார்பனிலும் அழித்துத் திருத்துகிறவள் நான்.

சுதா வளர்த்தியான பிள்ளை. அவள் அப்பா செல்வராஜ் வீட்டு உடம்பு. வயது ஒன்று, மாதம் ஏழு. பார்த்தால் மூன்று சொல்லலாம். டீச்சர் தூக்கிப் பார்த்து, "நல்ல தடியுண்டல்லோ" என்றார், நல்ல சதைப்பிடிப்பு என்று. பெருமையாகக்கூட இருந்தது. ஜனன சர்டிபிகேட் கேட்கவில்லை. கேட்டால் ஊரில் இருக்கிறது, நாகர்கோவிலிலிருந்து வரவேண்டும் என்று சொல்லத் தயாராகப் போயிருந்தேன்.

செ.-விடம் சொல்லவில்லை. ஏலூர் கம்பெனியில் இந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து சாயாவைக் குடித்துக்கொண்டே கேட்டார், "எழுபதுதானா? நான் நூறாவது இருக்கும்னு நெனச்சேன்." ஆமாம் எழுபதுதான் என்றேன்.


16.6, செவ்வாய்

ஆபீஸ் இருக்கிற தீவிலிருந்து 5.20 படகு நிரம்பிப் போய்விட்டது. அடுத்ததில் நின்றுகொண்டே வந்தேன். டீச்சர் வீட்டில் 6.25. ஆறு மணிக்கு மேல் அரை மணிக்கு ஒரு ரூபாய் கூடுதல். ஆயா பாரு கதவருகே மணியைப் பார்த்தபடி நிற்கிறாள். அவள்மேல் கோபம் வந்தது, அவளுக்கும் வீட்டில் பிள்ளை காத்திருக்கும் என்பது பிறகுதான் தோன்றியது.

வாங்க: மண்ணெண்ணெய், குடைக்குக் கம்பி, பிள்ளைக்கு சிலேட்டு (டீச்சர் சொன்னது. சிலேட்டு!)


18.6, வியாழன்

பெரிய அறையில் டீச்சர் உதட்டில் விரல் வைத்து "மிண்டல்லே" (பேசாதே) என்று படுக்கவைப்பாராம், மத்தியானத் தூக்கம் அரை மணிதான். அதற்குப் பிறகு பாட்டு, எண்கள், சிலேட்டு. வீட்டில் சுதா இரண்டு மணி நேரம் தூங்குகிற பிள்ளை. இன்றைக்கு டீச்சர் வீட்டுப் படியில் தூக்கினேன், தெரு முனை வருமுன் தோளில் தூங்கிவிட்டாள். சாப்பாட்டுக்கு எழுப்பினால் எழவில்லை. பால் கொடுத்துப் படுக்க வைத்தேன். புட்டியில்தான்.


20.6, சனி

அரை நாள். தலைக்குக் குளித்தேன். துவைத்தது எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈரத்துணியும் கீழே கிடங்கிலிருந்து வருகிற சுக்கு நெடியும். செ. பகலெல்லாம் தூங்கினார். சுதாவும் தூங்கினாள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரத்தை அனுபவித்தேன். அதை எழுத வெட்கமாக இல்லை.


22.6, திங்கள்

செ. காலை ஷிப்டுக்கு மாறினார். நாலரைக்கு எழுந்து போகிறார்.

சாயங்காலம் டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டார்.  தேதியைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று பயந்தேன். அது இல்லை.

"விஜயா, ஈ குட்டி சம்சாரிக்குன்னில்லல்லோ. மூணு வயசாகாறாயில்லே?"

பேசவில்லையாம். மூன்று வயது நெருங்குகிறதாம். மற்றப் பிள்ளைகள் முழுப் பாட்டும் பாடுகின்றனவாம். கரண்டி பிடிக்கத் தெரியவில்லை, ஒன்றுக்கு வந்தால் சொல்லத் தெரியவில்லை. சொன்னவர் முகத்தில் குறை சொல்கிற பாவம் இல்லை, கவலை.

உடனே வாயில் வந்தது: "வீட்டுல தமிழ், இங்க மலையாளம். ரெண்டும் கேட்டுக் குழம்புது டீச்சர்." இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சரளமாக வந்தது.

சுதாவுக்குத் தெரிந்த சொற்கள், இன்றைய கணக்கு: ம்மா. ப்பா. தா. ண்டா (வேண்டாம்). பூ (பூ, பூனை, மழை மூன்றும்). காக்கா. ஒன்றே முக்கால் வயது ஆகாத பிள்ளைக்கு இது தாராளம். யாரிடம் போய்ச் சொல்வேன்?


24.6, புதன்

டீச்சர் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்திருந்தார். தமிழில் இதற்கெல்லாம் என்ன சொல்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டார். சாப்பிடு. தூங்கு. இங்கே வா. பயப்படாதே. ஒண்ணுக்கு வருதா. தாளைச் சுவரில் ஒட்டியாயிற்று.

பிறகு சுதாவின் முன்னால் குனிந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற குரலில், "சுதா! ஒண்ணுக்கு வருதா?" என்று வாசித்தார். பாரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அறுபது வயதில் என் பிள்ளைக்காகப் புது பாஷை படிக்கிறார். தெருவில் இறங்கிய பிறகு சிரிக்க முடியவில்லை.


26.6, வெள்ளி

படகில் பின்னால் இரண்டு பெண்கள்.

"நூத்தியிருபது குட்டியெ நோக்கான் கொடுத்தா பின்னெ எந்தினா ஜோலிக்கு போகுன்னது?"

"வீட்டிலிருந்நா பாக்கி உள்ளதும் இல்லல்லோ."

பிள்ளை பார்க்க அவ்வளவு கொடுத்துவிட்டு வேலைக்கு எதற்கு என்று ஒருத்தி. வீட்டில் இருந்தால் மிச்சமும் இல்லை என்று மற்றவள். திரும்பிப் பார்க்க ஆசை. பார்க்கவில்லை. தீவு வரை அந்த இரண்டு வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு போனேன். மிச்சம் மட்டுமா? பிள்ளையைச் சாக்கிட்டு இந்த வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. எட்டு பேர் டைப் அடித்துக் காட்டியதில் என்னை எடுத்தார்கள். என் மேஜை, என் மெஷின். ஆங்கிலக் கடிதத்தில் மானேஜருக்குச் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்கிறார். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் திமிர் என்பார்கள்.


28.6, ஞாயிறு

மழை விட்டது. மீன் வாங்கினோம், ஐலை. செ. வீட்டில்.

சாப்பிடும்போது சுதா தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். பாயெல்லாம் ஈரம். நான் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் தட்டின் முன் பிள்ளை இல்லை. அலமாரிக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து, மூக்கு சுவரில் படுகிற மாதிரி நின்றுகொண்டிருக்கிறாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

செ. முதலில் சிரித்தார். "இங்க பாருட்டி, பிள்ளை ஒளிஞ்சு வெளையாடுகா." கூப்பிட்டார். திரும்பவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைத் தொட்டார். அப்போதும் திரும்பவில்லை, உடம்பு மட்டும் விறைத்தது. அவர் சிரிப்பு நின்றது. தூக்கிக்கொண்டார்.

"அந்த டீச்சர் பிள்ளைய இப்படிச் சுவரப் பாத்து நிக்க வைக்கா. நாளைக்கு எனக்கு ரெண்டு மணி ஷிப்டுதான. காலம்பற நானே போயி நாலு கேள்வி கேக்கேன். எழுபது ரூவா வாங்கிட்டு ஒண்ணரை வயசுப் பிள்ளைய..."

"நீங்க போவண்டாம்."

"ஏன் போவண்டாம்?"

சொல்லிவிட்டேன். படிவம், தேதி, எழுபது, நூற்றிருபது. டீச்சருக்கு இது இரண்டரை வயதுப் பிள்ளை, இரண்டரை வயதுப் பிள்ளையை நடத்துகிற மாதிரி நடத்துகிறார் என்று. பாத்திரம் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். சுதாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு:

"மாசம் அம்பதா வித்தியாசம்?"

"அம்பது."

ஓவர்டைம் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. ஊருக்கு அனுப்புவதை நிறுத்த முடியாது. எல்லாம் எனக்கும் தெரியும்.

"இன்னும் கொஞ்ச மாசம்தான. பிள்ளை பழகிரும்" என்றார். டீச்சரைக் கேள்வி கேட்கப் போகிற பேச்சு அதோடு போயிற்று.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதே நேரம் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை, அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.


30.6, செவ்வாய்

பழகிவிடும் என்று நேற்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று டீச்சர் வேறு ஒன்று செய்து வைத்திருக்கிறார். எர்ணாகுளத்தில் தெரிந்த குழந்தை டாக்டரிடம் சொல்லி, வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறார். காது கேட்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். சில பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சி மெதுவாக இருக்குமாம், சீக்கிரம் காட்டினால் சரியாகுமாம். தானே கூட வருகிறாராம்.

"பீஸ் ஞான் கொடுக்காம். நீ விஷமிக்கண்டா."

நான் வருத்தப்படக் கூடாதாம். பீஸ் அவர் கொடுப்பாராம்.

செ.-விடம் சொன்னேன். "டாக்டர் வாயத் தொறந்து பல்லப் பாத்தா வயசு தெரிஞ்சிருமே" என்றார். அவருக்குத் தோன்றியது அது. எனக்கும் முதலில் தோன்றியது அதுதான்.


1.7, புதன்

ஆபீசில் ஒரே கடிதத்தை மூன்று தரம் அடித்தேன். மூன்றிலும் வருஷம் தப்பு. மானேஜர், "உடம்பு சரியில்லையா?" நாளைக்கு அரை நாள் லீவு கேட்டேன், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று. மூன்றாவது பொய். சாயங்காலம் வீட்டில் சுதா குதித்துக்கொண்டிருந்தாள்.


2.7, வியாழன்

இதைக் கோர்வையாக எழுத முயற்சி செய்கிறேன்.

வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். டீச்சர் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, குடை, கைப்பை, சுதாவுக்கு வழியில் கொடுக்கப் பழம். பாருவிடம் பத்தொன்பது பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு எனக்கு முன்னால் படகுத்துறைக்கு நடக்கிறார். நான் பின்னாலேயே நடந்தேன். டிக்கெட்டையும் அவரே எடுத்தார்.

படகு தீவைத் தாண்டியது. என் ஆபீஸ் கட்டடம் தெரிந்தது. டீச்சர் சுதாவுக்குப் பழம் ஊட்டியபடி, சுவரில் ஒட்டிய தாள் இல்லாமலே, "சாப்பிடு, சாப்பிடு" என்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், சுதாவுக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கு ரெண்டரை வயசு இல்ல."

"எத்ர?"

"ஒரு வயசு ஏழு மாசம். பைசாவுக்காக மாத்தி எழுதிட்டேன்."

 அவர் பழத் தோலைத் தண்ணீரில் போட்டார். கைக்குட்டையால் சுதாவின் வாயைத் துடைத்தார். என் மடியிலிருந்து அவளை எடுத்துத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், அது வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"ஞான் இவளெ அடிச்சு, விஜயா. ரெண்டு ப்ராவஸ்யம். சுவரின்டெ நேரே நிறுத்தி. பிடிவாதக்காரின்னு விசாரிச்சு."

இரண்டு தடவை அடித்தேன் என்கிறார். சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன், பிடிவாதம் என்று நினைத்துவிட்டேன் என்கிறார். முப்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்தவர், தனக்கே இது தெரியாமல் போயிற்றே என்று இரண்டு மூன்று முறை சொன்னார். அழவில்லை. நான்தான் அழுதேன். எதிரில் இருந்த ஆள் நாங்கள் டாக்டரிடம் போகிறவர்கள் என்று நினைத்து, "பயப்படண்டா, எல்லாம் சரியாகும்" என்றார்.

எர்ணாகுளத்தில் இறங்கினோம். டாக்டரிடம் போகவில்லை. திரும்பும் படகுக்கு நான் டிக்கெட் எடுத்தேன். அதற்குள் டீச்சர் பழைய டீச்சராகிவிட்டார்.

"ஜூனிலெ போயது போட்டெ. நாளெ முதல் சின்ன முறி. பைசா நூத்தியிருபது. குறைக்கான் பற்றில்ல."

ஜூனில் போனது போகட்டுமாம், நாளை முதல் சின்ன அறையாம், 120-ஐக் குறைக்க முடியாதாம். ஏன் என்றும் சொன்னார். ஆறு மாதமாக வந்து சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் படிவத்தில் இரண்டரை வயதாம். ஒரே ஒருத்திக்குக்கூட ஒன்றரை வயது கிடையாதாம். பெரிய அறையில் பாதிப்பேர் பாயை நனைக்கிறார்களாம், ஒருத்தியாகத் துவைத்துத் துவைத்து பாருவின் கை புண்ணாம். இன்னொரு ஆயா வைக்கப் பணம் இல்லையாம்.

"இனி ஞான் எல்லாருடெயும் பல்லு எண்ணும்" என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகவே எண்ணுவார்.


4.7, சனி

யோசித்தவை:

நான் வேலையை விடுவது. செ. சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதற்கு அவர் படுகிற பாடு தெரிகிறது.

நாத்தனாரைக் கூப்பிடுவது. அவள் வீட்டுக்காரர் விடமாட்டார்.

என் அம்மா. தம்பி பிள்ளைகளையே பார்க்க முடியாமல் இருக்கிறாள்.

சின்ன அறையில் அரை நாள். டீச்சரிடம் கேட்டேன். ஒரு மணி வரை என்றால் 60. இது நடக்கும். ஒரு மணியிலிருந்து ஆறு வரை யார்?

காலையில் செ. தானே சொன்னார். அவர் செக்ஷனில் சேலத்துக்காரர் ஒருவர் ராத்திரி ஷிப்டே வேண்டாம் என்கிறாராம், பரீட்சைக்குப் படிக்கிறாராம். அவருடைய நைட் எல்லாவற்றையும் இவர் எடுத்துக்கொண்டால், இவருக்கு எப்போதும் நைட். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை தூங்கினால் போதுமாம். பிறகு பிள்ளையைக் கூட்டிவந்து பார்த்துக்கொள்வாராம்.

"நாலு மணி நேரம் போதுமா?"

"பஸ்ல வேற தூங்குவேன்லா."

பேசும்போது என்னைப் பார்க்கவில்லை, பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பழகிவிடும் என்று சொன்னதற்கு இது அவருடைய பதில் என்று நினைக்கிறேன். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எண்ணெய் கடன் கேட்டு வந்துவிட்டாள்.


7.7, செவ்வாய்

புது ஏற்பாட்டில் இரண்டாம் நாள். காலை எட்டுக்கு அவர் படி ஏறுகிறார், எட்டே காலுக்கு நானும் சுதாவும் இறங்குகிறோம். மாலையில் நான் ஆறரைக்கு வருகிறேன், அவர் ஏழரைக்குக் கிளம்புகிறார். அதில் சமையல், குளியல், சுதா. நேற்று அவரிடம் பேசியவை, மொத்தமும்: மோர் தீர்ந்துவிட்டது. குடை எங்கே. சுதா வெளிக்குப் போனாளா.

சின்ன அறையில் சுதாவைப் புட்டியோடு வாங்கிக்கொண்டார்கள். கூடவே பெரிய அறையிலிருந்து இன்னும் நாலு பிள்ளைகள் மாறி வந்திருக்கின்றன. பல் எண்ணப்பட்டவர்கள். அம்மாமார்கள் நாங்கள் வாசலில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் செருப்பைத் தேடினோம்.


9.7, வியாழன்

மழை மறுபடி. செ. கண் இரண்டும் சிவப்பு. சாயாவைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினார், லுங்கியில் கொட்டியது. லீவு போடுங்கள் என்றேன். கேட்கவில்லை.

வாங்க: சுதாவுக்கு ரப்பர் ஷீட். அவருக்குக் கண்ணுக்கு மருந்து.


11.7, சனி

ஆபீஸ் அரை நாள். இரண்டரைக்கு வீடு.

கதவு உள்ளே தாழ் போட்டிருக்கவில்லை, சாத்தியிருந்தது. தட்டாமல் தள்ளினேன். செ. பாயில் குப்புறக் கிடந்து தூங்குகிறார், வாய் திறந்து. அவர் மணிக்கட்டில் என் பழைய புடவை ஒன்றின் நுனி கட்டியிருக்கிறது. மறுநுனி சுதாவின் காலில். இறுக்கமாக இல்லை, நடுவில் வேட்டித் துணி சுற்றி மெத்தென்று கட்டியிருக்கிறார். படிக்கட்டுப் பக்கம் போனால் இழுபட்டு அவருக்குத் தெரிய வேண்டும் என்று.

சுதா தூங்கவில்லை. புடவையின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில், ஒரு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. அழுத அடையாளம் இல்லை. என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று கையை நீட்டி, "சுதாம்மா" என்றேன்.

எழவில்லை. அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டீச்சர் மத்தியானம் எல்லாப் பிள்ளைகளையும் படுக்கவைத்துவிட்டுச் செய்கிற மாதிரியே, ஒரு விரலை உதட்டின்மேல் வைத்து,

"மிண்டல்லே" என்றாள்.

தெளிவாக. ஓர் எழுத்து சிதையாமல்.

நான் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.